புதன்கிழமைப் பங்கு

வலது பக்கத்தில் இருந்த தண்ணீர் இடது பக்கத்துக்குப் போய்விட்டது.

ஆண்கள் வார்டின் மூலைக் கட்டிலில் குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அட்டையில் மனுவல் என்று பெயர். நுரையீரல் புற்றுநோய். நெஞ்சின் வலது பக்கம் நீர் சேர்ந்திருக்கிறது என்று முந்தின கிழமை நானே என் கையால் எழுதியிருந்தேன். ஊசியும் போத்தலும் தயார். மருந்து தயார். குத்துவதற்கு முன் ஒருமுறை தட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு கையின் விரலை முதுகில் வைத்து மற்றக் கை விரலால் தட்டுவோம். நீர் நிற்கும் இடம் பலகையில் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். காற்றுள்ள இடம் வெறும் பானை.

வலது பக்கம் பானை கேட்டது. இடது பக்கம் பலகை.

இன்னொருமுறை தட்டினேன். மேலிருந்து கீழாகத் தட்டினேன், கீழிருந்து மேலாகத் தட்டினேன். எங்கள் வார்டுத் தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவ என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டா:

"டொக்டர், உங்களுக்கு ஏதும் காய்ச்சலோ?"

நான் நோயாளியைக் கேட்டேன். "ஐயா, உங்களுக்கு எந்தப் பக்கம் நோகுது?"

அவர் திரும்பாமலே சொன்னார். "நீங்கள் சொல்லுற பக்கம்தான் பிள்ளை."

காசும் முதல் ஆராய்ச்சியும்

இது நடந்தது எண்பதுகளின் கடைசியிலா, தொண்ணூறு பிறந்த பிறகா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை ஒத்துவராது. சண்டைக்காலம், மின்சாரம் இல்லை, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில்தான் எக்ஸ்ரே எடுக்கலாம் என்பது மட்டும் நிச்சயம்.

நான் டொக்டராகி அதிக காலம் ஆகவில்லை. இணுவிலில் அக்கா வீட்டில் இருந்து சைக்கிளில் கொக்குவில் வழியாக யாழ்ப்பாணத்துக்கு வந்து போவேன். (போன கிழமை அந்தச் சைக்கிளைப் பற்றி அளவுக்கு மிஞ்சி எழுதிவிட்டேன் என்று வீட்டில் குறை. ஆகவே இன்று அதைத் தொடமாட்டேன்.)

நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் இருந்தது மிகக் கொஞ்சம். கொழும்புக்கு அனுப்பலாம், பாதை திறந்தால். பாதை திறந்தாலும் அந்த மூச்சோடு லொறியிலும் வள்ளத்திலும் யார் போவது? பலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் சேரும். ஊசியால் இழுத்துவிட்டால் மூச்சு வரும். சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு கிழமையிலோ இரண்டு கிழமையிலோ நீர் ஊறித் திரும்ப வருவார்கள். சிலர் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்கத் தேவையில்லை.

நீரை இழுத்த பிறகு ஒரு பழைய மருந்தை உள்ளே விட்டால், நுரையீரலின் உறையும் நெஞ்சின் உறையும் ஒட்டிக்கொள்ளும், பிறகு நீர் சேர இடமிருக்காது என்று வெளிநாட்டில் செய்துகொண்டிருந்தார்கள். நோய் மாறாது. ஆனால் இருக்கும் காலத்துக்கு மூச்சுவிடலாம். அங்கே நெஞ்சில் நாட்கணக்காகக் குழாய் வைத்து, இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் மருந்தை விடுவார்கள். எங்களிடம் இருந்தது ஊசியும் போத்தலும். வெறும் ஊசியால் இழுத்துவிட்டு இந்த மருந்தை விட்டால் பலிக்குமா? அல்லது சாகப்போகிற மனிதரை வீணாக நோகடிப்போமா? மருந்து உள்ளே போனால் நெருப்பாக எரியும், காய்ச்சல் காயும். பலிக்குமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. பாதிப் பேருக்கு மருந்து. மற்றப் பாதிக்கு வழக்கம்போல நீரை மட்டும் இழுப்பது. யாருக்கு எது என்பதைச் சீட்டு முடிவு செய்யவேண்டும். டொக்டர் முடிவு செய்தால், தேறக்கூடியவர் என்று தான் நினைப்பவருக்கே மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு மருந்தைப் புகழ்வார்.

இதைப் பெரிய டொக்டரிடம் சொன்னேன். எங்கள் வார்டுக்குப் பொறுப்பானவர், மூக்கு நுனியில் கோபம் வைத்திருப்பவர். "நல்ல விசயம். செய்யும். ஆனால் காசுக்கு மட்டும் என்னட்டை வராதையும்" என்றார்.

மருந்து வேண்டும். எக்ஸ்ரே பிலிம் வேண்டும், அது அன்று தங்கத்துக்குச் சமம். ஜெனரேட்டருக்கு எண்ணெய் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குப் போன நோயாளிகளைத் திரும்பக் கூட்டிவந்து பார்க்க வேண்டும். இளம் டொக்டர்களின் ஆராய்ச்சிக்கு உதவுவதாகச் சொல்லும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு எழுதிப் பார்த்தேன். பதில் வருவதற்கே மாதங்கள் ஆகும். வந்தால் ஒரே கேள்வி: இதற்கு முன் நீங்கள் செய்த ஆராய்ச்சி என்ன? காசு இருந்தால்தானே முதல் ஆராய்ச்சி செய்யலாம். முதல் ஆராய்ச்சி செய்திருந்தால்தான் காசு தருவார்களாம். இந்தச் சிக்கலின் தலை எது வால் எது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

சம்மாட்டியாரின் கேள்வி

பேதுறு சம்மாட்டியார் குருநகரில் சொந்த வள்ளங்கள் வைத்திருந்தவர். அந்தப் பகுதிக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இதே நோய் வந்த தன் மச்சானை எங்களிடம் கூட்டிவருவார். ஒவ்வொரு தடவையும் நான் நீரை இழுப்பதைக் கைகட்டி நின்று பார்ப்பார். ஒருநாள் கேட்டார்:

"பிள்ளை, நீங்கள் இழுக்கிறியள், அது ஊறுது. நீங்கள் திரும்ப இழுக்கிறியள். உது எங்கை போய் முடியும்?"

எனக்கு அன்று என்ன வந்ததோ, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். மருந்து, சீட்டு, வெளிநாட்டுக்காரர், பெரிய டொக்டர் எல்லாம்.

"எவ்வளவு காசு முடியும்?"

"சரியாத் தெரியாது சம்மாட்டியார்."

"கிழமையிலை ஒரு நாள் பங்கு காணுமோ?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். பிடித்த மீனை விற்றால் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, தொழிலுக்குப் போன ஆட்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. வருத்தமாகப் படுத்திருப்பவன் கடலுக்குப் போகாவிட்டாலும் அவன் வீட்டுக்குப் பங்கு போகும். இதோடு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பங்கு சேர்ப்பது, அவ்வளவுதான்.

"வெள்ளியிலை உங்கடை சனம் மீன் தொடாது, விலை போகாது. புதனிலை வைப்பம்" என்றார்.

இப்படித்தான் எங்கள் ஆராய்ச்சிக்குப் புதன்கிழமைப் பங்கு வரத் தொடங்கியது. கடற்படைக்குப் பயந்து ஆழ்கடலுக்குப் போகாமல், கரையை ஒட்டிய பரவைக்கடலில் பிடித்த மீனில் இருந்து வந்த காசு அது. 

முதல் பங்கோடு ஒரு பெரிய பாரை மீனும் வந்தது. எங்கள் வீடு முட்டைகூட உள்ளே வராத வீடு. பாரையை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போனேன், ஆனால் வாசம் என்னோடு வந்துவிட்டது. அத்தான் வாசலிலேயே பிடித்துவிட்டார். "ஆராய்ச்சி எண்டு சொல்லிப்போட்டு இவள் மீன் யாவாரம் துவங்கிட்டாள்" என்று அக்காவிடம் முறையிட்டார்.

கோயில் முற்றத்தில்

காசு தருகிறவர்களுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவேண்டாமா? ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் குருநகரில் மாதா கோயில் முற்றத்தில் சங்கத்து ஆட்கள் கூடினார்கள். நான் எழும்பினேன். பாதிப் பேருக்குத்தான் மருந்து, மற்றப் பாதிக்கு இல்லை என்று சொன்னால் கல்லெறி விழும் என்று பயம்.

"ஆருக்கு மருந்து எண்டு எப்பிடி முடிவெடுப்பியள்?" என்று ஒருவர் கேட்டார்.

"சீட்டுக் குலுக்கி."

"அப்ப சரி."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவுதான். படித்த டொக்டர்களே முகம் சுளிக்கும் ஒன்றை இவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பேச்சின் கெட்டித்தனம் என்றே நினைத்தேன்.

அவர்களுக்குச் சீட்டு புதிதில்லை என்று பிறகுதான் அறிந்தேன். பரவைக்கடலில் கம்பு நட்டு வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல இல்லை. சில இடத்தில் இறால் கொட்டும், சில இடத்தில் பாசிதான் மிஞ்சும். சண்டை வராமல் இருக்க ஒவ்வொரு பருவமும் சங்கத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எது விழுகிறதோ அது அவருடைய முறை.

ஆஸ்பத்திரியிலும் அப்படியே செய்தோம். ஒரு பிஸ்கட் தகர ரின்னுக்குள் சீட்டுகள். நோயாளி முதல்நாள் வரும்போது படம் எடுத்து, நீர் எந்தப் பக்கம் என்று அட்டையில் எழுதுவோம். அவரே தன் கையால் சீட்டு எடுப்பார். மருந்து உண்டு அல்லது இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த கிழமை வார்டுக்கு வரச்சொல்லி அனுப்புவோம்.

முறிந்த விலா

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

எனக்குச் சிறுவயதிலிருந்தே இடம் வலம் தடுமாறும். கோயிலில் அம்மா "வலப்பக்கமாச் சுத்து" என்றால் எல்லோரும் போகும் பக்கத்தைப் பார்த்துத்தான் போவேன். மணிக்கூடு கட்டிய கை இடது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே டொக்டருக்குப் படித்தவள் நான். ஆகவே முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பிறகு எக்ஸ்ரே எடுப்பவரைச் சந்தேகப்பட்டேன். படத்தைத் திருப்பிப் பிடித்தால் வலம் இடமாகிவிடும். அவர் கொதித்துப்போனார். "என்ரை படத்திலை பிழையெண்டால் இண்டைக்கே வேலையை விடுறன்" என்றார். படத்தில் இதயம் சரியான பக்கத்தில்தான் இருந்தது. அவர் வேலையை விடவேண்டி வரவில்லை.

பெரிய டொக்டர் வந்தார். தட்டினார். "இடது." அட்டையைப் பார்த்தார். "வலது. இது நீர் எழுதினதோ?"

"ஓம் சேர்."

"அப்ப தண்ணி நடந்து போச்சுதோ?"

சொன்னால் சிரிப்பீர்கள். அந்த நேரத்தில் நான் அதையும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேனோ என்றுகூட ஒரு சபலம். அதே நேரம், தட்டிப் பார்க்காமல் வலது பக்கம் ஊசியைக் குத்தியிருந்தால் நல்ல நுரையீரலை ஓட்டையாக்கியிருப்பேனே என்று ஊசியைத் தட்டோடு தள்ளிவைத்தேன்.

பெரிய டொக்டர் இன்னொரு பிலிமைச் செலவழிக்கச் சம்மதித்தார். புதுப்படத்தில் நீர் இடது பக்கம். அவர் பழையதையும் புதியதையும் யன்னல் வெளிச்சத்தில் பக்கம்பக்கமாகப் பிடித்தார்.

"தண்ணி கிடக்கட்டும். பழைய படத்திலை ஒரு விலா முறிஞ்சு பொருந்தின அடையாளம் இருக்கு. அது எங்கை போனது?"

விலா எலும்பு ஓடிப்போகாது. இது எனக்குக்கூடத் தெரியும். பெரிய டொக்டர் கட்டிலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஐயா, உங்கடை பேர் என்ன?"

அவர் மிஸ்ஸியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சூசை."

"மனுவல் ஆர்?"

"என்ரை தம்பி. வெளியிலை வாங்குப் பலகையிலை இருக்கிறான்."

விட்டுக்கொடுத்தவர்

அண்ணன் சூசைக்கும் தம்பி மனுவலுக்கும் ஒரே நோய். இளவயதில் இருந்தே இருவரும் ஒரே வள்ளத்தில், ஒரே சுருட்டை மாறிமாறி இழுத்தவர்கள். இருவரும் எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார்கள். சூசைக்கு விழுந்தது மருந்தில்லாத சீட்டு. மனுவலுக்கு மருந்துச் சீட்டு. இருவரையும் நெரிசலில் ஒருதடவைதான் பார்த்திருந்தேன். அதே மெலிந்த உடம்பு, அதே நரைத்த தாடி. அட்டையைப் பார்த்தேனே தவிர முகத்தை எங்கே பார்த்தேன்?

மனுவல் உள்ளே வந்தார். ஒளிப்பு மறைப்பு ஒன்றும் அவரிடம் இல்லை.

"அது என்ரை முறை, டொக்டர். நான் அண்ணைக்குக் குடுத்தனான்."

"அப்பிடிக் குடுக்கேலாது. ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சங்கத்திலை சொல்லிப்போட்டுத்தானே குடுத்தனான்."

அவர்களுடைய வலைச் சீட்டிலும் அப்படித்தான்: நல்ல இடம் விழுந்தவர், தன்னைவிடத் தேவை கூடிய அண்ணன் தம்பிக்கு அந்த முறையை விட்டுக்கொடுக்கலாம். சங்கத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். அதில் களவும் இல்லை, பொய்யும் இல்லை, மதிப்புத்தான். முறை மாறினால் பேரும் சேர்ந்து மாறும் என்பதால் அட்டையையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

சூசைக்கு என்ன தேவை? மாதக் கடைசியில் மகளுக்குக் கலியாணம். ஒரே மகள். தகப்பன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் இருந்து பீடம்வரை நடக்கவேண்டும். சூசையால் கட்டிலில் இருந்து யன்னல்வரை நடக்க முடியவில்லை. அந்த நடைக்கு மூச்சு வேண்டும். அவர் உயிரைக்கூடக் கேட்கவில்லை.

பெரிய டொக்டர் வெடித்தார். இருவரும் ஆராய்ச்சியில் இல்லை என்றார். மருந்து வேண்டுமானால் சீட்டு விழுந்த மனுவலுக்குக் கொடுக்கலாம், சூசைக்கு இல்லை. மனுவல் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி வாங்கில் போய் இருந்தார்.

அடுத்தநாள் சம்மாட்டியார் வந்தார். அவரிடம் நான் விளங்கப்படுத்தினேன். தேவை கூடினவர்களுக்கே மருந்து போய்ச் சேர்ந்தால், பிறகு ஒருவர் தேறினாலும் மோசமானாலும் அது மருந்தாலா, அவருடைய நோயின் போக்காலா என்று சொல்லமுடியாது. நீங்கள் தந்த பங்கெல்லாம் வீண். அவர் நாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"நீங்கள் சொல்லுறதும் சரி போலத்தான் கிடக்கு. அப்ப அந்த மனுசனை என்ன செய்யிறது?"

 பெரிய டொக்டர் சொன்னதும் சரி. மனுவல் செய்ததும் சரி. சம்மாட்டியார் கேட்பதும் சரி. எல்லாம் சரியாக இருந்தால் பிழை எங்கே இருக்கிறது? நான் சோறு இறங்காமல் குழம்பிப்போய்த் திரிந்தேன். அக்கா எனக்குக் காதல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டா.

முடிவை எடுத்தது சங்கம்தான். ஒரு புதனுக்கு இரண்டு பங்கு தருவார்கள். அதில் வாங்கும் மருந்து சூசைக்கு, ஆராய்ச்சிக்கு வெளியே. மற்றதெல்லாம் சீட்டுப்படி. இனி முறையை யாரும் கைமாற்றக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். பெரிய டொக்டர் உறுமினார், மறுக்கவில்லை.

சூசைக்கு நீரை இழுத்து மருந்தை விட்டேன். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். மனுவலுக்கு நீரை மட்டும் இழுத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

கதிரை

மகளின் கலியாணத்துக்கு முன்பே சூசைக்கு நீர் திரும்ப ஊறிவிட்டது. மனுவலுக்கு ஊறவில்லை.

நான் முதல்முதலாக வேதக்காரரின் மாதா கோயில் கலியாணத்துக்குப் போனது அன்றுதான். கடைசி வரிசையில், எப்போது எழும்புவது எப்போது இருப்பது என்று தெரியாமல், முன்வரிசையில் இருந்த யாரோ ஒரு அம்மாவைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். மகளைக் கைபிடித்துக் கூட்டிவந்தது மனுவல். கடன்வாங்கிய கோட்டு, நிமிர்ந்த நடை. ஒரு இளைப்பும் இல்லை. சூசை முன்னால் ஒரு கதிரையில் இருந்தார். கதிரையைப் பீடத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார், மகள் நடந்து வருவதைப் பார்ப்பதற்கு. சாமியாரும் ஓம் என்றுவிட்டார். நான் அழுதேன். பக்கத்தில் இருந்த மிஸ்ஸியும் அழுதா.

சில கிழமைகளில் சூசை போய்விட்டார்.

திரும்பவும்

அந்த ஆராய்ச்சி கடைசியில் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. போதிய ஆட்கள் சேருவதற்கு முன் ஊரே இடம்பெயர்ந்தது. அந்த மருந்து எங்கள் ஊசிக்கும் போத்தலுக்கும் பலித்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அதற்கு முன் ஒருநாள் மனுவல் வந்தார். தாடியை வழித்திருந்தார். அவருக்கும் நீர் ஊறத் தொடங்கியிருந்தது.

"டொக்டர் பிள்ளை, ஒண்டு கேக்கவேணும். நான் முறையைக் குடுத்ததாலை வந்த மருந்துதான் அண்ணையை அந்தப் பாடு படுத்தினதோ? அது இல்லாட்டி அவர் நடந்திருப்பாரோ?"

"தெரியாது அண்ணை."

"எனக்கு மருந்தில்லாமல் இவ்வளவு காலம் ஊறேல்லை. அது ஏன்?"

"அதுவும் தெரியாது."

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஒராளை, ரெண்டாளைப் பார்த்துச் சொல்லேலாது. கனபேர் சீட்டிலை விழுந்தபடியே நிண்டால்தான் சொல்லலாம்."

அவர் மேசையில் இருந்த சீட்டு ரின்னைக் காட்டினார்.

"அப்ப என்ரை பேரைத் திரும்பப் போடுங்கோ."

பெரிய டொக்டரிடம் போய்க் கேட்டேன். முன்பு நடந்தது கணக்கில் இல்லை, புதிதாக வந்தவராக எழுதும் என்றார். அவரும் எழுந்து என் பின்னால் வந்தார். மனுவலின் முன் நின்று கேட்டார்.

"இந்தமுறை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டியளோ?"

"குடுக்கிறதுக்கு இனி எனக்கு ஆர் இருக்கினம்?" என்றார் மனுவல்.

பெரிய டொக்டர் மிஸ்ஸிக்குக் கைகாட்டினார். மிஸ்ஸி ரின்னை நீட்டினா. மனுவல் சிலுவை போட்டுவிட்டுக் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். தான் பிரிக்காமல் என்னிடம் தந்தார். நான் பிரித்துப் பார்த்தேன். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை.

"மருந்து இல்லை அண்ணை."

"சரி" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இழுங்கோ பிள்ளை" என்றார்.